கீழ் வரிசை மூன்றாவது போல்ட்

ஆகஸ்ட் 11, திங்கள்

விடியவே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கராஜ் கூரைத் தகரம் நாள் முழுக்க அடித்தபடி. இடது கடைவாய்ப் பல் வலி. கராம்பு வைத்தேன், கேட்கவில்லை.

இன்றைய வேலை:
லொறி பிரேக் (பாதி)
கூரைக்கு ஆணி (இல்லை)
பல் டொக்டர் (இல்லை. பயம்.)

பத்து மணிபோல் வாசலில் இரண்டு ஹோர்ன். கிண்ணியா நியாஸ், வாடகை வான் ஓட்டுகிறவன். உட்துறைமுக வீதியால் ஹயர் போகும்போதெல்லாம் கராஜடியில் இரண்டு தரம் அடித்துவிட்டுத்தான் போவான். பதினொரு வருடப் பழக்கம். இன்று போகாமல் நிறுத்தினான். எஞ்சினுக்குள் ஒரு கரகரப்பு, கீழே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இறங்கிப் பார்க்கவே தேவையில்லை, வோட்டர் பம்ப் போய்விட்டது.

"அண்ணன், வியாழக்கெழமைக்கு முந்தி செஞ்சி தாங்க. உம்மாவ எயாப்போட்டுக்குக் கொண்டு போகணும்."

நியாஸின் உம்மா உம்றாவுக்கு மக்கா போகிறார். எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் தேய்ந்து போச்சாம். போவதென்றால் இப்போதே போங்கள், அடுத்த வருடம் நடப்பீர்களோ தெரியாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கிண்ணியாவிலிருந்து போகிற கூட்டத்துக்கு பஸ் ஒன்று ஒழுங்கு செய்திருக்கிறார்கள். ஆனால் நியாஸுக்கு உம்மாவைத் தன் வானில் தானே கொண்டுபோய் இறக்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பம்பைச் சுற்றி வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கிறது.

"என்ன தண்ணி விடுறனீங்கள்?"

"வீட்டுக் கிணத்துத் தண்ணிதான் அண்ணன்."

கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் கிணறு. அந்த உப்பு அலுமினியத்தைத் தின்னாமல் என்ன செய்யும். கூலன்ட் விடச் சொல்லிச் சொல்லி என் வாய் நொந்ததுதான் மிச்சம்.

மத்தியானம் மான் ஒன்று கராஜுக்குள் வந்து பழைய கேஸ்கட் கடதாசியைத் தின்றது. துரத்தினால் முறைக்கிறது. டவுன் மானுக்கு ஆளைக் கண்டு பயமில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காற்று. பல் வலி. கரண்ட் ஒன்பது முதல் பத்தரை வரை இல்லை.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு யாரிடம் சொல்வது.

ஒன்பது மணிக்குள் பழைய பம்பைக் கழற்றியாயிற்று. முகப்பைச் சுரண்டித் துடைத்து, கடதாசி வைத்து, புதுப் பம்பை ஏற்றினேன். எட்டு போல்ட். ஒரேயடியாக இறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. ஏழும் சொன்ன சொல் கேட்டன. எட்டாவது, கீழ் வரிசையில் மூன்றாவது. அதுவும் இறுகித்தான் இருந்தது. போதும் என்று கை சொன்னது. உம்மா போகிற வானாயிற்றே, இன்னுமொரு கால் சுற்று இருக்கட்டும் என்று நான் நினைத்தேன்.

அந்தக் கால் சுற்று.

ஸ்பனர் திடீரென்று பாரமில்லாமல் சுற்றியது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டில் அலுமினியம் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கிறது. துளைக்குள் கம்பியொன்றை விட்டுப் பார்த்தேன், வழுவழுப்பு. திரெட் முழுக்க உரிந்து வந்துவிட்டது.

அப்படியே கீழே இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பாஸ், நித்திரையோ?" என்றார். ஓம் என்றேன்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, உள்ளே புதுத் திரெட் வெட்டி, அதற்கென்றே விற்கிற கம்பிச் சுருளைத் திருகிவிட வேண்டும். அரை மணித்தியால வேலை. முதல் இருந்ததை விட உறுதி. ஆனால் அந்த அளவுச் சுருள் என்னிடம் இல்லை. டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில்: "கொழும்பில இருந்து வரோணும் பாஸ். வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பார்சல் வரும்."

வியாழன் எட்டு மணிக்கு வான் வெளிக்கிடுகிறது.

என்ன செய்யலாம்:
1. நியாஸிடம் சொல்வது. உம்மா எல்லாரோடும் பஸ்ஸில் போவார்.
2. நீளமான போல்ட். (போட்டுப் பார்த்தேன். துளைக்கு ஆழமில்லை.)
3. கம். (இரண்டு டியூப் கலந்து ஒட்டுகிற பசை.)

ஒன்றாவதை எழுதிவிட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். எவ்வளவு லேசான காரியம். ஒருத்தருக்கும் ஒரு நட்டமும் இல்லை. என்னைத் தவிர. இருபத்தேழு வருடமாக இதே வேலை செய்கிறவன் போல்ட் இறுக்கத் தெரியாமல் உரித்துவிட்டான் என்று கிண்ணியா முழுக்கக் கதைப்பார்கள். கதைக்கவும் மாட்டார்கள். நியாஸ் "பரவால்ல அண்ணன்" என்பான். அதுதான் தாங்க ஏலாது.

பின்னேரம் நியாஸ் போன். "எப்பிடி அண்ணன்?"

"முடியுது" என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காலை ஏழு மணி. கம். இரண்டு டியூபையும் கலந்து, போல்ட்டில் தடவி, துளைக்குள் இறக்கினேன். இருபத்துநான்கு மணித்தியாலம் காய வேண்டும் என்று டியூபில் போட்டிருக்கிறது. நான் ஐந்து கொடுத்தேன்.

மத்தியானம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கீழே கார்ட்போர்ட் மட்டை விரித்துவிட்டு நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு இல்லை. சந்தோஷப்பட்டேன், வெட்கத்தோடு எழுதுகிறேன், சந்தோஷப்பட்டேன். ஓடாமல் நிற்கிற வானில் என்ன தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு வானை எடுக்க நியாஸ் த்ரீவீலில் வந்தான். கூட உம்மா. அவர் ஏன் இந்த வெயிலில் வந்தார் என்று விளங்கவில்லை. கதிரை போட்டேன். இருந்தால் எழும்ப ஏலாது என்று நின்றபடியே நின்றார், தலைச்சீலையைக் காற்று இழுக்க, ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

"தம்பி, இந்தப் பயணம் போறதுக்கு முந்தி, தெரிஞ்ச ஆக்கள் எல்லாரிட்டயும் மாப்புக் கேக்கணும். மனுசன்ட மனசில ஒண்டு கெடந்தா அங்க போயும் சரிவராது. நான் ஒங்களுக்கு ஏதும் பிழை செஞ்சிரிந்தா மன்னிச்சிப் பொருந்திக்கங்க."

"ஐயோ உம்மா, நீங்கள் எனக்கு என்ன பிழை செய்தனீங்கள்?"

"செஞ்சிரிக்கன். அண்டைக்கு பெட்டரி பழுதாப் போன நேரம், இந்த பாஸ்ட வேலை சரியில்ல, வேற கராஜப் பாரு எண்டு மகனுக்குச் சொன்னன். ஒங்களுக்குப் பின்னால கதைச்ச கதை. அதையும் பொருந்திக்கங்க."

நியாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பொருந்திவிட்டேன் உம்மா என்றேன்.

"நீங்களும் ஏதும் இரிந்தாச் சொல்லுங்க. நானும் பொருந்துறன்."

இதை அவர் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மூன்றடியில் வான். உள்ளே கீழ் வரிசையில் மூன்றாவது போல்ட். என் வாய் திறந்தது. திறந்தது என்பது சத்தியம்.

"ஒண்டும் இல்லை உம்மா. எங்களுக்காகவும் அங்க கும்பிடுங்கோ."

"என்ன கேக்கட்டும்?"

மனைவி கமலா காலையில் சொல்லிவிட்டதைச் சொன்னேன். மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், இன்னும் பிள்ளையில்லை. உம்மா மகளின் பெயரை இரண்டு தரம் கேட்டு, உதட்டுக்குள் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டார்.

வான் போனது. இரண்டு ஹோர்ன்.

பல் கிளினிக் இன்றைக்குத்தான். போகவில்லை. வலிக்கட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

8.00. வெளிக்கிட்டிருப்பார்கள்.
9.00. கந்தளாய் தாண்டியிருக்கும்.
10.00. ஹபரணை. லொறி பிரேக்கில் கை வைத்தேன், ஓடவில்லை. கமலா கொண்டுவந்த பிட்டு அப்படியே.
11.15. கடையில் இருந்து ஆள் வந்து சுருளைத் தந்துவிட்டுப் போனான். தீப்பெட்டியளவு பெட்டி. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
12.10. போன்.

"அண்ணன், தம்புள்ள தாண்டி நிக்கிறன். தண்ணி கொட்டுது. பொங்கிட்டு."

"கீழ் வரிசையில மூண்டாவது போல்ட்டைப் பாருங்கோ."

வாய் முந்திவிட்டது. அவன் எங்கே ஒழுகுகிறதென்று இன்னும் சொல்லவேயில்லை. குனிந்து பார்த்திருப்பான். பிறகு: "ஓம் அண்ணன், அது கழண்டு தொங்குது. எப்பிடித் தெரியும்?"

"கன வருசம் வேலை செய்தால் தெரியும்."

பக்கத்தில் நின்ற யாருக்கோ அவன் சொல்வது கேட்டது. "எங்கட பாஸ் டொக்டர் மாதிரி. இங்க வராமலே சொல்றாரு."

பழந்துணியைச் சுற்றி அடைக்கச் சொன்னேன். தண்ணீர் விட்டு மெல்ல ஓட்டச் சொன்னேன். ஓடினார்கள், பொங்கியது, ஆறவிட்டார்கள், தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள், ஓடினார்கள். நாலு மணிக்கு எயாப்போட்டில் நிற்க வேண்டியவர்கள் மூன்று மணிக்கும் குருநாகல் போகவில்லை. வழியில் வேறொரு வான் பிடித்து உம்மாவை ஏற்றியிருக்கிறான். ஆறேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். உள்ளே எடுக்கவில்லை. பஸ்ஸில் போன கூட்டம் போய்விட்டது.

பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

நியாஸ் போன் எடுத்தான். குரலே இல்லை. உம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த டிக்கற் இனிச் சரிவராதாம். அடுத்த கூட்டம் எப்போதென்று ஒருத்தருக்கும் தெரியாது. எப்போதென்றாலும் அந்த முழங்காலோடு…

உம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"'அல்லாஹ் நாடல்ல, அவ்வளவுதான்' எண்டு சொல்றாங்க. வேற ஒரு கதையும் இல்ல."

அவர் ஆண்டவன்மேல் போட்டுவிட்டார். போட வேண்டிய ஆள் இங்கே பல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

இப்படியும் ஒரு யோசனை வந்தது: ஆண்டவன் நாடவில்லை என்று நினைத்து அவர் ஆறியிருக்கிறார், நான் போய் ஒரு போல்ட்டினால்தான் என்று சொன்னால் அந்த ஆறுதலும் போய்விடும், ஆகவே சொல்லாமல் விடுவதுதான் நல்லது. நல்ல யோசனை. கம் மாதிரி. எந்த ஓட்டைக்கும் ஒட்டும்.

கமலா கேட்டாள், "ஏன் சாப்பிடுறியள் இல்லை?" பல் என்றேன். அவளும் வேறு கவலையில் இருக்கிறாள். "மகளின்ர பேரை அங்க சொல்லுறன் எண்டவா. பாவம் மனுசி" என்று இரண்டு தரம் சொன்னாள்.

ஆகஸ்ட் 16, சனி

வானை லொறியில் கட்டி இழுத்து வந்தார்கள், பத்து மணிக்கு. நியாஸ் தொழுகை முடித்து வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் வருமுன் திறந்தேன். திருடன் மாதிரி, வாசலைப் பார்த்துப் பார்த்து.

போல்ட்டைத் தொட்டவுடன் வந்தது. கம் அதோடேயே, முழுசாக, பிடுங்கின பல் மாதிரி. துணியில் சுற்றிக் காற்சட்டைப் பொக்கெற்றில் போட்டேன். இப்போது எழுதும்போது அது மேசையில் கிடக்கிறது.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். ட்ரில், நேராகப் பிடித்து, அவசரப்படாமல். திரெட் வெட்டுகிற டெப்பை எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. தூளைக் காற்றடித்து எடுத்தேன். சுருளைத் திருகி உள்ளே விட்டு, நுனிக் கம்பியைத் தட்டி முறித்தேன். புதுக் கடதாசி, புதுப் போல்ட். இறுகியதும் கையை எடுத்தேன். மேலதிகமாக ஒன்றும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன், இருபத்தெட்டு நிமிடம்.

ஒரு உயிருள்ள ஆளின் மக்கா, இருபத்தெட்டு நிமிடம்.

நியாஸ் வந்தான். நாலு நாள் தாடி. "என்னத்தால அண்ணன் அது கழண்டது?"

இப்போது சொல் என்று எனக்குள் ஒரு குரல் கத்தியது. நான் சொன்னது: "உப்புத் தண்ணி. உள்ளுக்க அலுமினியம் எல்லாம் தின்றுபோட்டுது."

பொய்யில்லை. பாதி உண்மை. அதுதான் கொடுமை. அவன் எதையும் பிடிக்காமல் சிமெந்துத் தரையிலேயே இருந்தான்.

"நீங்க எத்தின தரம் சொன்னீங்க. கெணத்துத் தண்ணி விடாத விடாத எண்டு. நான்தான் அண்ணன். நான்தான் உம்மாட பயணத்தக் கெடுத்திட்டன்."

நாற்பது வயது மனிதன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன், ஒயில் படிந்த தரையில் இருந்து அழுகிறான். அவன் தோளில் கை வைத்தேன். பொக்கெற்றில் அந்தப் போல்ட் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. அப்போதும் சொல்லவில்லை. "விடுங்கோ நியாஸ், நடந்தது நடந்துட்டுது" என்றேன். நானே என் காதால் கேட்டேன்.

வானை எடுத்துக்கொண்டு போனான். ஹோர்ன் அடிக்கவில்லை. மறந்திருப்பான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கராஜ் பூட்டு. கூரைக்கு ஆணி அடித்தேன், ஒருவாறு.

பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடந்தேன். கிண்ணியாக்காரர் ஒருவரைக் கண்டேன். நியாஸ் ஹயர் ஒன்றும் எடுக்கிறானில்லையாம். சோறு தின்கிறானில்லையாம். "கெணத்துத் தண்ணிய விட்டு உம்மாட பயணத்தக் கெடுத்தன் எண்டு வாற ஆக்கள் எல்லாரிட்டயும் அவனே சொல்றான்."

நான் பயந்த கதை. கிண்ணியா முழுக்க. என் பெயருக்குப் பதிலாக அவன் பெயர்.

கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போல்ட்டைக் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. "நாளைக்குப் போங்கோ" என்றாள். குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வானம் மூட்டம். மழையில்லை.

போனேன். இருவரிடமும் சொல்லியாயிற்று. நியாஸிடம் சொன்னதை எழுத ஏலாது. பள்ளிவாசலால் வந்தவனை வாசலிலேயே நிற்பாட்டிச் சொன்னேன், கேட்டான், உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். அவ்வளவுதான் அது. அதற்கு முன் உம்மாவிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

காலை ஒன்பதரை. முன் அறையில் கதிரையில் இருந்தார், காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு. அலுமாரிக்குப் பக்கத்தில் பயணப் பெட்டி. திறக்கவில்லை. பெயர் எழுதின பச்சைத் துணி இன்னும் கைபிடியில் கட்டியபடி, கூட்டத்துக்குள் தவறாமல் இருக்க.

"வாங்க தம்பி. இரிங்க. பல்லு வீங்கியிரிக்கே."

இருக்கவில்லை. துணியைப் பிரித்து போல்ட்டை முக்காலியில் வைத்தேன். செவ்வாய்க்கிழமையில் இருந்து தொடங்கினேன். கால் சுற்று, கடைகள், கம், ஐந்து மணித்தியாலம். தண்ணீரில் பிழையில்லை என்று சொல்லவில்லை, ஆனால் பிழை என்னுடையது, நியாஸுடையது இல்லை என்று சொன்னேன். பஸ் இருந்ததும் எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

உம்மா போல்ட்டைக் கையில் எடுத்து, கம்மை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கனநேரம்.

"மகனுக்குச் சொல்லுங்க. அவன் வந்தவுடன் சொல்லுங்க. புள்ள நாலு நாளா ஒண்டும் தின்னல்ல."

"சொல்லுறன் உம்மா."

பிறகும் நான் நின்றேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் போக ஏலாது.

"நீங்கள் பொருந்துவியளோ உம்மா?"

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

"புதன்கெழமை அதத்தானே தம்பி, ஒங்கட மொகத்தப் பாத்து நிண்டு கேட்டன். காலு நோக நோக நிண்டு கேட்டன். அண்டைக்குச் சொல்லியிருந்தாப் பொருந்தியிருப்பன். பஸ்ஸிலயும் போயிருப்பன்."

போல்ட்டைத் துணியில் திரும்பச் சுற்றி என்னிடம் நீட்டினார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன், இடது பக்கம் படாமல்.

வெளியே வேலியோரம் வான் நின்றது. நியாஸ் வரும்வரை அதன் பக்கத்தில் நின்றேன். பழக்கதோஷம், குனிந்து கீழே பார்த்தேன். மணல் காய்ந்து கிடந்தது.